குடியியற் கல்வி: வரியா, கட்டணமா? - தீப் பாதுகாப்புச் சோதனையை உதாரணமாகக் கொண்ட பாடம்



"பிரதேச சபையின் வருமான மூலங்கள் நான்கு தருக" என்று கேட்டால் உங்களுள் பெரும்பாலானோர் எழுதிவிடுவீர்கள். "வரிக்கும் கட்டணத்துக்கும் உள்ள வேறுபாட்டை உதாரணத்துடன் விளக்குக" என்று கேட்டால்தான் பேனா நின்றுவிடுகின்றது. காரணம், வரைவிலக்கணத்தை மட்டும் மனனம் செய்து, உதாரணத்தை விட்டுவிடுவதாகும். ஆகவே இப்பாடத்தில் ஒரேயொரு உதாரணத்தை எடுத்து அதனை முழுமையாக ஆராய்வோம். அவ்வுதாரணம் இதுவாகும்: கட்டடம் ஒன்றின் வரைபடத்தைத் தீப் பாதுகாப்பு நோக்கில் பரிசீலிப்பதற்கும், கட்டி முடிந்தபின் நேரில் சென்று சோதிப்பதற்கும் உள்ளூராட்சி மன்றம் கட்டணம் அறவிடலாமா?

இப்பாடத்தின் முடிவில் நீங்கள்,
(i) வரி, கட்டணம், தண்டப்பணம் என்பவற்றை வேறுபடுத்துவீர்கள்.
(ii) உள்ளூராட்சி மன்றத்தின் அறவீட்டு அதிகாரம் எங்கிருந்து வருகின்றது எனக் கூறுவீர்கள்.
(iii) ஒரு கட்டணம் நியாயமானதா என்பதைக் காரணங்களுடன் மதிப்பிடுவீர்கள்.

1. இடத்தை அறிந்துகொள்வோம்

புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டிப் பகுதியில், கடலோடு ஒட்டிய மணற்றிட்டில் அமைந்த மீனவர் குடியிருப்பு உச்சமுனை ஆகும். கற்பிட்டியிலிருந்து வள்ளத்தில் செல்ல வேண்டும். இப்பகுதி கற்பிட்டிப் பிரதேச சபையின் ஆட்சி எல்லைக்கும் வடமேல் மாகாணத்துக்கும் உட்பட்டது. கற்பிட்டியைச் சூழவுள்ள 14 தீவுகளைச் சுற்றுலாவுக்காக அபிவிருத்தி செய்யும் அரச திட்டப் பட்டியலில் உச்சமுனையும் இடம்பெற்றது.

இத்தகைய கரையோரத்தில் தீ ஏன் அச்சத்துக்குரியது? விஞ்ஞான பாடத்தில் கற்றதை நினைவுபடுத்துங்கள். தீ உண்டாக எரிபொருள், ஒட்சிசன், வெப்பம் ஆகிய மூன்றும் வேண்டும். மீன்பிடி வாடியில் கிடுகுக் கூரை, நைலோன் வலை, மண்ணெண்ணெய், பெற்றோல் என எரிபொருளுக்குக் குறைவில்லை. சோளகக் காற்று வீசும் மாதங்களில் ஒட்சிசனுக்கும் குறைவில்லை. ஒரு விளக்கு அல்லது அடுப்பு வெப்பத்தைத் தந்தால் போதும். கற்பிட்டிக் கரையில் காற்றாடிச் சறுக்கல் விளையாட்டுக்கு வரும் உல்லாசப் பயணிகளுக்காகக் கட்டப்படும் குடில்களிலும் ஓலைக் கூரைகள் உண்டு. அங்கே சமையல் எரிவாயு சிலிண்டரும் மின்கம்பியும் சேர்ந்துகொள்கின்றன.

தீ பற்றிய பின்னர் நகரத்திலிருந்து தீயணைப்பு வாகனம் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. இலங்கையில் தீயணைப்புச் சேவையைப் பெரும்பாலும் மாநகர, நகர சபைகளே நடத்துகின்றன. பெரும்பாலான பிரதேச சபைகளிடம் அத்தகைய பிரிவு இல்லை. வாகனம் இருந்தாலும் அது கடலைக் கடக்காது. ஆகவே உச்சமுனை போன்ற இடத்துக்கு உண்மையான தீயணைப்பு என்பது தீ பற்றும் முன்னர் செய்யப்படும் வேலைதான். இக்கருத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

2. மூன்று சொற்கள்

வரி: பொதுச் செலவுகளுக்காகச் சட்டப்படி கட்டாயமாக அறவிடப்படுவது. செலுத்துபவருக்கு அதற்கு ஈடான தனிப்பட்ட சேவை எதுவும் உடனே கிடைக்க வேண்டியதில்லை. உதாரணம்: ஆதனவரி.

கட்டணம்: குறிப்பிட்ட ஒருவருக்குச் செய்யப்படும் குறிப்பிட்ட சேவைக்காக அறவிடப்படுவது. சேவையின் செலவோடு அது தொடர்புடையதாக இருக்க வேண்டும். உதாரணம்: கட்டட வரைபடத்தைப் பரிசீலிக்கும் கட்டணம்.

தண்டப்பணம்: சட்டத்தை மீறியமைக்காகச் செலுத்துவது. உதாரணம்: அனுமதியின்றிக் கட்டியமைக்காக நீதிமன்றம் விதிப்பது.

ஞாபகத்தில் வைக்க ஓர் எளிய வழி: வரி கட்டியவர் "எனக்கு என்ன செய்தீர்கள்?" என்று தனியாகக் கேட்க முடியாது, எல்லோருக்கும் செய்ததையே கேட்கலாம். கட்டணம் கட்டியவர் அவ்வாறு கேட்கலாம். "பணம் வாங்கினீர்கள், சோதிக்க வந்தீர்களா?" என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. இவ்வேறுபாடே இப்பாடத்தின் உயிர்நாடி ஆகும்.

3. அறவிடும் அதிகாரம் எங்கிருந்து வருகின்றது?

இலங்கையில் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை என மூவகை உள்ளூராட்சி மன்றங்கள் உள்ளன. அவை தாம் விரும்பியவாறு பணம் அறவிட முடியாது. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 148 ஆம் உறுப்புரையின்படி அரச நிதி மீதான முழுமையான கட்டுப்பாடு பாராளுமன்றத்துக்கு உரியது. பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் ஒன்றின் அல்லது ஏற்கனவே நடைமுறையிலுள்ள சட்டம் ஒன்றின் அதிகாரம் இன்றி எந்த உள்ளூரதிகார சபையும் வரியோ வேறு அறவீடோ விதிக்க முடியாது.

பிரதேச சபைகளுக்கு அவ்வதிகாரத்தை வழங்குவது 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் ஆகும். அதன் கீழ் சபை துணைவிதிகளை ஆக்கலாம். அதன் படிமுறையைச் சுருக்கமாக நோக்குவோம்.

(i) துணைவிதி சபையில் நிறைவேற்றப்படும்.
(ii) உள்ளூராட்சி விடயத்துக்குப் பொறுப்பான மாகாண அமைச்சரின் அங்கீகாரம் பெறப்படும்.
(iii) வர்த்தமானியில் வெளியிடப்படும்.

மாகாண அமைச்சர் இங்கே ஏன் வருகின்றார்? 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் உள்ளூராட்சியை மேற்பார்வை செய்யும் பொறுப்பை மாகாண சபைகளுக்கு வழங்கியமையே காரணம். பரீட்சையில் இத்தொடர்பை எழுதினால் மேலதிக புள்ளி கிடைக்க வாய்ப்புண்டு.

சுற்றுலா விடுதிகளுக்கு இன்னுமோர் ஏற்பாடு உண்டு. சுற்றுலா அதிகார அமைப்பில் பதிவு பெற்ற அல்லது அதனால் அங்கீகரிக்கப்பட்ட விடுதிகள், உணவகங்களிடமிருந்து முந்திய ஆண்டு வருமானத்தின் 1 சதவீதம் வரை அனுமதிப்பத்திரத் தீர்வையாகப் பெறப் பிரதேச சபைகள் சட்டம் இடமளிக்கின்றது. ஏனைய பல தொழில்களுக்கு, 1987 இல் ஆக்கப்பட்ட அச்சட்டம் ஆண்டுப் பெறுமதிக்கேற்ப 500, 750, 1000 ரூபா என எல்லைகளை வகுத்தது. ரூபாவின் பெறுமதி வீழ வீழ இவ்வாறான நிலையான தொகை தேய்ந்துவிடும். 1987 இல் 1000 ரூபா பெருந்தொகை. இன்று அது ஒரு வள்ளப் பயணத்தின் எரிபொருளுக்கே போதாது. சோதனை செய்யச் சபையிடம் பணம் இல்லை என்ற முறைப்பாட்டின் ஒரு வேர் இங்கே உள்ளது.

கரையோரத்தில் கட்டுபவர் சபையிடம் மட்டும் செல்வதில்லை என்பதையும் கவனிக்கவும். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரையான பகுதியைக் கரையோர வலயமாகக் கொள்கின்றது. அங்கே அபிவிருத்தி வேலை செய்ய அச்சட்டத்தின் கீழும் அனுமதி வேண்டும்.

4. பரிசீலனையும் சோதனையும்

இவை இரு வேறு வேலைகள். மாணவர்கள் பலர் இரண்டையும் ஒன்றாக எழுதிவிடுகின்றனர்.

வரைபடப் பரிசீலனை: கட்டடம் எழும்ப முன்னர், தாளில் செய்யப்படுவது. வெளியேறும் வழிகள் எத்தனை? கதவு வெளிப்பக்கம் திறக்கின்றதா? குடிலுக்கும் குடிலுக்கும் இடையே போதிய இடைவெளி உண்டா? சமையலறை ஓலைக் கூரையிலிருந்து ஒதுங்கியுள்ளதா? சிலிண்டர் எங்கே வைக்கப்படும்? இக்கேள்விகளுக்கு வரைபடத்தில் விடை தேடப்படும். தாளில் ஒரு கோட்டை அழித்து வேறொரு கோடு கீறுவது இலகு. கட்டிய சுவரை இடிப்பது கடினம்.

நேரடிச் சோதனை: கட்டி முடிந்த பின்னரும், அதன் பின்னர் காலத்துக்குக் காலமும் செய்யப்படுவது. வரைபடத்தில் காட்டிய இரண்டாவது கதவு உண்மையில் உண்டா, அல்லது அலுமாரி வைத்து மறைக்கப்பட்டுள்ளதா? தீயணைப்புக் கருவி காலாவதியாகிவிட்டதா? பெற்றோல் தீக்கு நீரை ஊற்றக் கூடாது என்பதால் மணல் வாளிகள் வைக்கப்பட்டுள்ளனவா? இவற்றைக் கண்ணால் பார்த்தே அறிய முடியும்.

கொழும்பு மாநகர சபைக்கு உரிய தீயணைப்புச் சேவைத் திணைக்களம் இவ்விரு வேலைகளையும் செய்து, கட்டணம் பெற்றுத் தீப் பாதுகாப்புச் சான்றிதழ் வழங்குகின்றது. ஆகவே கட்டணம் அறவிடும் முறை இலங்கைக்குப் புதியதன்று. மாடிக் கட்டடங்கள் நிறைந்த மாநகரத்துக்கு உருவான முறையை வள்ளத்தில் செல்ல வேண்டிய கரையோரத்துக்கு எவ்வாறு பொருத்துவது என்பதே எமது கேள்வி.

சோதனை ஏன் அவசியம் என்பதற்கு ஒரு துயரமான சான்று தமிழ்நாட்டில் உண்டு. 2004 யூலை 16 ஆம் திகதி கும்பகோணத்தில் பாடசாலை ஒன்றில் மதிய உணவு சமைக்கும் இடத்தில் பற்றிய தீ கூரைக்குத் தாவியது. 94 பிள்ளைகள் உயிரிழந்தனர். கூரை வேயப்பட்டிருந்தது, மாடிப்படி ஒடுக்கமானது. அடுப்பும் ஓலையும் அருகருகே இருந்ததையும், பல பிள்ளைகளுக்கு வெளியேற வழி போதாமல் இருந்ததையும் கண்டறிய விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. பொறுப்போடு பார்க்கும் ஒருவர் ஒரு மணித்தியாலம் செலவிட்டிருந்தால் போதும். விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்பு 2014 யூலை 30 ஆம் திகதியே வந்தது. நீதிமன்றத்தில் 10 ஆண்டுகள் எடுத்த கேள்வி, ஒரு சோதனையில் ஒரு மணித்தியாலத்தில் எழுப்பப்பட்டிருக்க வேண்டிய கேள்வியாகும்.

5. கட்டணம் எவ்வளவு? ஒரு கணக்கு

பின்வரும் தொகைகள் விளக்கத்துக்காக எடுத்த கற்பனைத் தொகைகள் ஆகும்.

ஒரு விடுதியைச் சோதிக்கத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வள்ளத்தில் சென்று திரும்புகின்றார்.
வள்ளக் கூலி - 6000 ரூபா
உத்தியோகத்தரின் அரை நாள் - 3000 ரூபா
அறிக்கைச் செலவு - 500 ரூபா
மொத்தம் - 9500 ரூபா

அதே பயணத்தில் நான்கு விடுதிகளைச் சோதித்தால்,
வள்ளக் கூலி - 6000 ரூபா
உத்தியோகத்தரின் முழு நாள் - 6000 ரூபா
நான்கு அறிக்கைகள் - 2000 ரூபா
மொத்தம் - 14,000 ரூபா
ஒரு விடுதிக்கு - 3500 ரூபா

இக்கணக்கிலிருந்து இரு பாடங்களைப் பெறலாம். முதலாவது, வேலையை ஒழுங்குபடுத்தினால் கட்டணம் குறையும். சபை தன் திட்டமின்மையின் செலவை மக்கள் மீது சுமத்தக் கூடாது. இரண்டாவது, 3500 ரூபா செலவாகும் வேலைக்குச் சபை 10,000 ரூபா வாங்கினால் மிகுதி 6500 ரூபா கட்டணம் அன்று. பெயர் மாற்றிய வரியாகும். அதற்கு வேறு சட்ட அதிகாரம் வேண்டும்.

6. இரு பக்க வாதங்கள்

ஆதரவான வாதங்கள்:
(i) விடுதி கட்டி இலாபம் பெறுபவரின் வரைபடத்தைப் பரிசீலிக்கும் செலவை வலை இழுத்துப் பிழைப்பவரின் வரியிலிருந்து ஏன் எடுக்க வேண்டும்?
(ii) பணம் இல்லை என்ற சாட்டைச் சபை இனிச் சொல்ல முடியாது.
(iii) கட்டணம் செலுத்தியவர் சோதனையைக் கோரும் உரிமையைப் பெறுகின்றார்.

எதிரான வாதங்கள்:
(i) விடுதிகள் ஏற்கனவே வருமானத்தின் 1 சதவீதம் வரை செலுத்த நேரிடலாம். ஒன்றுக்கு இரு தடவை செலுத்துவது முறையா?
(ii) கட்டணத்துக்கு அஞ்சிச் சிலர் அனுமதியே பெறாமல் கட்டுவர். அப்போது ஆபத்து கூடும்.
(iii) பணம் சேர்ப்பதே நோக்கமாகிவிட்டால், நேரில் செல்லாமலே சான்றிதழ் வழங்கும் பழக்கம் உருவாகும்.
(iv) வாடி அமைக்கும் ஏழை மீனவருக்கும் விடுதி முதலாளிக்கும் ஒரே கட்டணம் என்பது சமத்துவம் போலத் தோன்றினும் நியாயம் அன்று.

எதிரான முதலாவது வாதத்துக்கு விடை கூறலாம். 1 சதவீதம் என்பது தொழில் நடத்த வழங்கும் அனுமதிப்பத்திரத்துக்கு உரியது. வருமானத்தைப் பொறுத்து மாறுவது. பரிசீலனைக் கட்டணம் ஒரு குறிப்பிட்ட வேலைக்கு உரியது. அவ்வேலையின் செலவைப் பொறுத்தது. ஆனால் ஏனைய மூன்று வாதங்களும் வலுவானவை. அவற்றைத் தள்ளிவிட முடியாது. கட்டண முறையை வகுக்கும்போதே அவற்றுக்கு மருந்து வைக்க வேண்டும்.

7. தீயை அணைக்கவும் கட்டணமா?

இங்கே ஓர் எல்லைக்கோடு அவசியமாகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் தென்னசி மாநிலத்தில் ஒபியன் என்ற பகுதியில், நகர எல்லைக்கு வெளியே வாழ்வோர் தீயணைப்புச் சேவைக்காக ஆண்டுக்கு 75 டொலர் செலுத்த வேண்டியிருந்தது. 2010 இல் அதனைச் செலுத்தாத ஒருவரின் வீடு தீப்பற்றியது. சவுத் ஃபுல்டன் நகரத் தீயணைப்பு வீரர்கள் வந்தனர். கட்டணம் செலுத்தியிருந்த அயலவரின் காணிக்குத் தீ பரவியபோது அதனை அணைத்தனர். வீட்டை எரிய விட்டனர். இச்சம்பவம் அந்நாட்டில் பெரும் விவாதத்தைக் கிளப்பியது.

இங்கிலாந்துச் சட்டம் வேறு வழியில் செல்கின்றது. அங்கே தீயணைப்பு அதிகார சபைகள் சில சேவைகளுக்குக் கட்டணம் பெறலாம். ஆனால் கடலில் ஏற்படும் தீயைத் தவிர, தீயை அணைப்பதற்குக் கட்டணம் பெற முடியாது.

ஏன் இந்த வேறுபாடு? வரைபடத்தைப் பரிசீலிப்பது, கட்ட விரும்பும் ஒருவர் முன்கூட்டியே திட்டமிட்டுக் கேட்கும் சேவை. தீயை அணைப்பது, தெரிவு எதுவும் இல்லாத நேரத்தில் உயிரைக் காக்கும் பொதுக் கடமை. மேலும் தீ வேலியைப் பார்த்து நிற்பதில்லை. ஒரு வாடி எரிந்தால் காற்று அடுத்த வாடியையும் கொளுத்தும். எல்லோருக்கும் பயன்படும் சேவையின் செலவை எல்லோரும் வரியாகப் பகிர்வதே முறை. சுருங்கக் கூறின், முன்கூட்டிய பரிசீலனைக்குக் கட்டணம். அவசர உதவிக்கு வரி.

8. நியாயமான கட்டணத்தின் பண்புகள்

மேலே ஆராய்ந்தவற்றிலிருந்து பின்வரும் பண்புகளைத் தொகுக்கலாம்.

(i) சட்ட அடிப்படை: துணைவிதியாக நிறைவேறி வர்த்தமானியில் வெளிவந்திருக்க வேண்டும்.
(ii) செலவோடு பொருந்துதல்: வேலையின் செலவுக்கு மேற்படக் கூடாது.
(iii) அளவுக்கேற்ற படிநிலை: பெரிய விடுதிக்குக் கூட, சிறிய கடைக்குக் குறைய. மீனவர் வாடிக்கும் சிறு வீட்டுக்கும் கட்டணமின்றி ஆலோசனை.
(iv) வெளிப்படைத் தன்மை: கட்டணப் பட்டியல் சபை அறிவித்தற் பலகையில் தமிழிலும் சிங்களத்திலும் இருத்தல், பணத்துக்குப் பற்றுச்சீட்டு வழங்குதல்.
(v) வேலைக்கான உத்தரவாதம்: குறித்த நாட்களுக்குள் சோதனை நடைபெறாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுத்தல்.
(vi) தனிக் கணக்கு: சேர்ந்த பணம் சோதனை வேலைக்கே செலவாதல்.

இவற்றுள் ஐந்தாவது பண்பை மறந்துவிடாதீர்கள். பற்றுச்சீட்டு தீயை அணைக்காது. சுவரில் தொங்கும் சான்றிதழும் அணைக்காது. ஒருவர் நேரில் வந்து கதவைத் திறந்து பார்த்தாரா என்பதே உயிரைக் காக்கும். கட்டணம் அவ்வருகைக்கான செலவு மட்டுமே. அதற்குப் பதிலீடு அன்று. சோதனை நடைபெறாத இடத்தில் அறவிட்ட கட்டணம், தொகை எவ்வளவு சிறியதாயினும் அநியாயமானது.

9. பரீட்சைக்கு

மாதிரி வினா: "தீப் பாதுகாப்புச் சோதனைக்குப் பிரதேச சபை கட்டணம் அறவிடுவது நியாயமானது." இக்கூற்றை ஆராய்க. (10 புள்ளிகள்)

விடை எழுதும் ஒழுங்கு:
- கட்டணத்தின் வரைவிலக்கணமும் வரியிலிருந்து அதன் வேறுபாடும் (2)
- சட்ட அடிப்படை: 148 ஆம் உறுப்புரை, 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம், துணைவிதி (2)
- ஆதரவான வாதங்கள் இரண்டு (2)
- எதிரான வாதங்கள் இரண்டு (2)
- நிபந்தனைகளுடன் உமது முடிவு (2)

"ஆராய்க" என்று வந்தால் ஒரு பக்கத்தை மட்டும் எழுதி நிறுத்த வேண்டாம். முடிவு கூறாமலும் விட வேண்டாம். "ஆம், ஆனால் பின்வரும் நிபந்தனைகளுடன்" என்பதும் தெளிவான முடிவே ஆகும்.

பயிற்சி வினாக்கள்:
1. வரி, கட்டணம், தண்டப்பணம் என்பவற்றுக்கு உமது பிரதேசத்திலிருந்து ஒவ்வோர் உதாரணம் தருக.
2. துணைவிதி ஒன்று நடைமுறைக்கு வரும் படிமுறையை எழுதுக.
3. ஆறு விடுதிகளை ஒரே பயணத்தில் இரு நாட்கள் தங்கிச் சோதிக்க வள்ளத்துக்கு 6000 ரூபாவும், உத்தியோகத்தருக்கு 12,000 ரூபாவும், அறிக்கைகளுக்கு 3000 ரூபாவும் செலவாயின் ஒரு விடுதிக்குரிய கட்டணம் யாது? (விடை: 3500 ரூபா)
4. தீயை அணைப்பதற்குக் கட்டணம் அறவிடுவது ஏன் பொருத்தமற்றது? இரு காரணங்கள் தருக.

செயற்பாடு: இன்று மாலை உமது வீட்டையோ தனியார் வகுப்பு நடைபெறும் கொட்டிலையோ சுற்றிப் பாரும். அடுப்புக்கும் கூரைக்கும் இடையில் எவ்வளவு தூரம்? வெளியேற எத்தனை வழிகள்? வழியை மறித்து நிற்கும் பொருள் ஏதேனும் உண்டா? மூன்று விடைகளையும் குறிப்பேட்டில் எழுதி, மறித்து நிற்கும் பொருளை இன்றே அகற்றிவிடும். இச்சோதனைக்குக் கட்டணம் இல்லை.